நார்கொண்டம் தீவின் இருவாச்சி

அந்தமான் கடலில் நார்கொண்டம் என்றொரு தீவு இருக்கிறது. மொத்தப் பரப்பே ஏழு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். அங்கே இருவாச்சி என்னும் பெரிய அலகுப் பறவையின் ஓர் இனம் வாழ்கிறது. உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் அதைப் பார்க்க முடியாது; அந்தமானின் மற்ற தீவுகளில்கூட இல்லை. ஆனால் நார்கொண்டத்தில் இறங்கியவர்கள் எழுதியதைப் படித்தால், திரும்பிய பக்கமெல்லாம் அந்தப் பறவைதான் என்று வருகிறது. அரிய பறவை என்றால் நாள்கணக்கில் காத்திருந்து, எங்கோ தொலைவில் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்புவது என்றே நமக்குப் பழக்கம். இது அப்படி இல்லை. உலகத்தை வைத்துப் பார்த்தால் அரிதிலும் அரிது. தன் தீவுக்குள் சர்வ சாதாரணம்.

போர்ட் பிளேரில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவரோடு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இளம் வயதில் நார்கொண்டம் காவல் முகாமில் சில மாதங்கள் இருந்தவர். இருவாச்சியைப் பற்றிக் கேட்டதும், இதைக் கேட்பதற்கு என்று ஓர் ஆள் வருவானா என்பதுபோலப் பார்த்தார். “அதுவா தம்பி? விடிஞ்சா போதும், கத்த ஆரம்பிச்சிடும். நம்ம பக்கம் காக்கா எப்படியோ, அங்க அது அப்படி. நாங்க பெரிசா கண்டுக்க மாட்டோம்” என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இந்தப் பறவையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தீவைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தீவு இல்லாமல் இந்தப் பறவையே இல்லை. வடக்கு அந்தமானின் கிழக்குக் கரையைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடலில் போனால் தன்னந்தனியாக ஒரு மலை நிற்கும். கடலுக்கு அடியிலிருந்து எழுந்த எரிமலை அது. உச்சி 710 மீட்டர். தெற்கே இருக்கும் பாரன் தீவு இன்னமும் புகைந்துகொண்டிருக்கிறது. நார்கொண்டம் அடங்கிக் கிடக்கிறது. கரை முழுக்கப் பாறையும் செங்குத்தான சரிவும். படகை ஒதுக்க இடம் கொஞ்சம்தான். கரையிலிருந்து உச்சி வரை அடர்ந்த காடு ஏறிப் போகிறது. நிலத்தோடு எக்காலத்திலும் ஒட்டியிருந்ததே இல்லை என்பதால் இங்கே குரங்கு கிடையாது, அணில் கிடையாது, மரநாய் கிடையாது. பறந்தோ மிதந்தோ வந்து சேர்ந்தவைதான் குடியிருப்பு. அப்படி வந்தவை தனி இனமாகவும் ஆகிவிடுகின்றன. இந்திய விலங்கியல் ஆய்வகத்தினர் 2021இல் இந்தத் தீவிலிருந்து மூஞ்சூறு இனம் ஒன்றைப் புதிதாக விவரித்தார்கள். அதுவும் வேறெங்கும் இல்லாததுதான்.

இனி பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இருவாச்சியைப் பார்த்தவர்களுக்கு இதைக் கண்டால் முதலில் அளவு வியப்பாக இருக்கும். வால்பாறைக் காடுகளில் நாம் பார்க்கும் பெரிய இருவாச்சி இரண்டிலிருந்து நான்கு கிலோ எடை வரும். நார்கொண்டம் இருவாச்சி முக்கால் கிலோ அளவுதான். கட்டுடல், குட்டையான உருவம். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. உடம்பும் இறக்கையும் கருப்பு, வெயில் படும்போது அதில் பச்சை மினுங்கும். வால் முழு வெள்ளை. பெண்ணுக்குத் தலையும் கழுத்தும்கூடக் கருப்பு, வால் மட்டும் வெள்ளை. அதனால் தொலைவிலிருந்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். பல இருவாச்சி இனங்களில் கண்ணின் நிறத்தையும் அலகின் ஓரத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இதில் அந்தச் சிரமம் இல்லை.

இரண்டுக்கும் தொண்டையில் நீலம் கலந்த வெள்ளைத் தோல் பை உண்டு. கண்ணைச் சுற்றி இறகில்லாத நீலத் தோல். ஆணின் கண் செம்மஞ்சள், பெண்ணின் கண் மங்கிய பழுப்பு. அலகு வெளிர் மஞ்சள், அடியில் சிவப்புப் பழுப்பு ஏறியிருக்கும். பெரிய இருவாச்சியின் அலகுக்கு மேல் இருப்பதுபோல எடுப்பான கொம்பு மேடு இதற்குக் கிடையாது. தாழ்வான மேடு, அதன் குறுக்கே சில மடிப்புகள், அவ்வளவுதான். இந்தப் பேரினத்துப் பறவைகளுக்கு வயது ஏற ஏற மடிப்புகள் கூடும். இளம் பறவையின் அலகு வழவழப்பாக இருக்கும், மூத்ததன் அலகில் வரிசையாகக் கோடு விழுந்திருக்கும்.

குடும்பத்துக்கே உரிய சங்கதிகள் இதற்கும் உண்டு. பெரிய அலகைத் தாங்குவதற்காகக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்திருக்கும். கண்ணுக்கு மேல் இமை மயிர் நீளமாக இருக்கும். இறக்கையின் அடிப்பக்கத்தில் மற்றப் பறவைகளுக்கு உள்ள மூடிறகுகள் இவற்றுக்கு இல்லாததால், பறக்கும்போது காற்று இறகுகளின் இடுக்கில் புகுந்து ‘உஸ் உஸ்’ என்று இரையும். வால்பாறையில் முதன்முதலாக அந்த ஓசையைக் கேட்டபோது தலைக்கு மேல் என்ன வருகிறதென்று தெரியாமல் சட்டென்று குனிந்துகொண்டேன். அப்புறம் பார்த்தால், காட்டுக்கு மேலே ஒரு ஜோடி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. நார்கொண்டத்தில் ஆயிரம் பறவைகள் இந்த ஓசையோடு ஒரு சிறிய மலையைச் சுற்றிப் பறப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அறிவியலுக்கு இதை முதலில் சொன்னவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1873இல். பின்னாளில் 1885இல் காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். அரசு அதிகாரியாக இருந்துகொண்டே இந்தியப் பறவைகளைச் சேகரித்து, தாமே ஓர் இதழ் நடத்தி அதில் எழுதிக் குவித்த மனிதர். நார்கொண்டத்தின் இருவாச்சி தனி இனம் என்று கண்டு தீவின் பெயரையே அதற்கு வைத்தார்.

இந்தப் பறவையின் உறவினர்கள் வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி மியான்மர், இந்தோனேசியா வழியாக நியூகினி வரை பரவியிருக்கிறார்கள். நடுவே இருக்கும் அந்தமான், நிக்கோபாரின் மற்றத் தீவுகளில் மட்டும், அவ்வளவு காடு இருந்தும், இருவாச்சியே கிடையாது. அந்தமான் முழுவதற்கும் ஒரே இருவாச்சி, அதுவும் கண்ணுக்கெட்டாத தொலைவில் ஒரு துணுக்கு நிலத்தில். எப்போதோ காற்றோடு கடல் தாண்டி வந்த சில பறவைகளின் வழித்தோன்றல்கள் இவை. வந்த இடத்தில் பிழைத்தன என்பதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் கடல் தாண்டுகிற பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்து சேர்ந்த இடத்தில் சாப்பாடு இருக்காது.

நார்கொண்டத்தில் சாப்பாடு இருந்தது. அத்தி, ஆல், இச்சி வகை மரங்கள் அந்தத் தீவில் ஏராளம். இந்த இனத்து மரங்களின் ஒரு விசேஷத்தைச் சொல்லியாக வேண்டும். அத்திப் பழம் என்று நாம் சொல்வது உண்மையில் உள்பக்கமாக மடிந்த ஒரு பூங்கொத்து. மகரந்தச் சேர்க்கைக்கு அதற்கென்றே சிறு குளவிகள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய குளவி. குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான். காட்டில் அந்த இனத்து மரம் ஏதாவது ஒன்றில் எப்போதும் இளங்காய் இருந்தால்தான் குளவி இனம் தொடர முடியும். அதனால் அத்தி மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் ஒன்று தொடங்கும். மற்ற மரங்களெல்லாம் காலியாக நிற்கிற மாதங்களிலும் காட்டின் ஏதோ ஒரு மூலையில் அத்தி பழுத்திருக்கும். பழம் தின்று வாழ்கிற பறவைக்கு, அதுவும் பஞ்சம் வந்தால் பக்கத்துக் காட்டுக்குப் போக முடியாத பறவைக்கு, இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேண்டியதில்லை.

பழுத்த அத்தி மரத்துக்கு இருவாச்சிகள் கூட்டமாக வரும். 1972இல் தீவுக்குப் போன பறவையியலாளர் எஸ்.ஏ. ஹுசைன் ஒரே மரத்தில் ஐம்பது வரை கூடியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பழத்தை அலகு நுனியில் பிடித்து, மேலே சுண்டி, தொண்டைக்குள் விழச் செய்து விழுங்கும். அலகு நீளம், நாக்கு குட்டை, வேறு வழியில்லை. பெரிய விதைகளைக் கொஞ்ச நேரம் கழித்துக் கக்கிவிடும். அத்தியின் பொடி விதைகள் எச்சத்தோடு போகும். கிளையிடுக்கில் விழுந்தது அங்கேயே முளைத்து, வேரைக் கீழே இறக்கி, நாளாவட்டத்தில் தன்னைத் தாங்கிய மரத்தையே சுற்றிப் பின்னிவிடும். தீவில் அத்தி இவ்வளவு அடர்த்தியாக இருப்பதில் இந்தப் பறவைக்கும் பங்கு இல்லாமல் இல்லை. குரங்கும் மரநாயும் இல்லாத காட்டில் விதை பரப்பும் வேலை பறவைகள் தலையிலும் வௌவால்கள் தலையிலும்தான் விழுகிறது. அதிலும் இருவாச்சி, கருப்பும் வெள்ளையுமான பெரிய புறா, குயில் என்று ஒரு சிலவே பெரும்பகுதியைச் செய்கின்றன. பெருநிலக் காட்டில் ஓர் இனம் குறைந்தால் அதன் வேலையை ஓரளவுக்கு வேறொன்று செய்யும். இங்கே மாற்று ஆள் கிடையாது.

கூடு கட்டும் காலம் பிப்ரவரி வாக்கில் தொடங்கி மே வரை போகும். கட்டும் என்று சொன்னாலும் கட்டுவதற்கு எதுவுமில்லை. இருவாச்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது. கிளை முறிந்து, உள்ளே உளுத்து, தானாகவே உண்டான பொந்து வேண்டும். பறவை உள்ளே நுழைந்து உட்கார இடமும் வேண்டும். அப்படிப்பட்ட பொந்து பெரிய, வயதான மரத்தில்தான் இருக்கும். பெண் உள்ளே போனதும் தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். ஆணின் அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும் காலத்தில் பெண் தன் பறப்பு இறகுகளை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். அந்த வாரங்களில் அதனால் பறக்கவே முடியாது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும் வரை அதன் உயிரும் குஞ்சின் உயிரும் வெளியே பறந்து திரியும் ஒரே ஆணை நம்பித்தான்.

ஆண் தொண்டை நிறையப் பழத்தை நிரப்பிக்கொண்டு வந்து, கீற்றருகே ஒட்டி நின்று, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து கொடுக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இதே வேலை. பெண் கீற்று வழியாகவே எச்சத்தை வெளியே பீய்ச்சிவிடுவதால் பொந்து சுத்தமாக இருக்கும். கீழே தரையில் விதைகள் குவிந்து நாற்றங்கால் போட்டிருக்கும். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க நினைப்பவர்கள் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது சுலபம். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுவது: குரங்கோ மரநாயோ இல்லாத தீவில் வாசலை அடைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? உடும்பு உண்டு, அது மரமேறும் என்பது சரிதான். ஆனாலும் இது தீவுக்கு வருவதற்கு முன்பே பரம்பரையில் ஊறிய பழக்கம். கடல் தாண்டியும் விடவில்லை.

எத்தனை இருக்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். ஹுசைன் போட்ட கணக்கு சுமார் 400. தொண்ணூறுகளின் இறுதியில் கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் போட்டது சுமார் 300. அதன் பின் வந்தவர்களும் இந்த எண்களை ஒட்டியே சொன்னார்கள். பலகாலம் ‘அழியும் ஆபத்தில் உள்ள இனம்’ என்ற பட்டியலில் இது இருந்ததற்கு அதுவே அடிப்படை. 2019இன் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தீவில் குறிப்பிட்ட பாதைகளில் நடந்து முறையாக எண்ணினார்கள். சராசரியாகச் சதுர கிலோமீட்டருக்கு 150 பறவைகள் என்று வந்தது. தீவு முழுவதற்கும் ஆயிரத்துச் சொச்சம். இருவாச்சிகளுக்கு இது மிகப் பெரிய அடர்த்தி. எண்ணும் முறையும் எண்ணிய உயரங்களும் வேறு என்பதால் 300 என்பது ஆயிரமாகப் பெருகிவிட்டது என்று நேராகக் கணக்குப் போடக் கூடாது. இந்த எண்ணைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ‘ஆயிரம் இருக்கிறதே, அப்புறம் என்ன’ என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த ஆயிரமும் ஒரே மலைமேல் இருக்கின்றன.

மனிதர்கள் நிரந்தரமாக அங்கே வந்தது 1969ஐ ஒட்டி, காவல் முகாம் அமைந்தபோது. முகாமைச் சுற்றிக் கொஞ்சம் காட்டை வெட்டித் தென்னையும் வாழையும் வைத்தார்கள். எரியக் காட்டு விறகு. இறைச்சிக்காக 1976இல் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, 1977இல், தீவு முழுவதும் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆடுகளோ அதற்குள் காடேறிப் பெருகத் தொடங்கிவிட்டன. ஆடு பெரிய மரத்தை ஒன்றும் செய்யாது. கீழே முளைக்கிற கன்றுகளைத்தான் மேயும். மேலே பார்த்தால் காடு பச்சையாக இருக்கும், பறவைகளும் நிறையத் தெரியும். ஆனால் இன்றைக்குப் பொந்து வைத்திருக்கும் மரம் சாயும்போது அதன் இடத்துக்கு வர வேண்டிய மரம் இருக்காது. இருவாச்சி நெடுங்காலம் வாழ்கிற பறவை. அதனால் இப்படிப்பட்ட சேதம் எண்ணிக்கையில் தெரியவருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். ஆய்வாளர்கள் விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஆடுகள் தீவிலிருந்து அகற்றப்பட்டன. இந்தப் பறவைக்கு நடந்த நல்ல காரியங்களில் இதையே முதலாவதாக வைப்பேன்.

பிறகு ரேடார் விவகாரம். கடலோரக் காவல்படை தீவில் கண்காணிப்பு ரேடாரும் மின்னாக்கியும் அமைக்க அனுமதி கேட்டது. 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் இருவாச்சியைக் காரணம் காட்டி மறுத்தது. 2014இல் வந்த புதிய அரசு அனுமதித்தது. பக்கத்தில் மியான்மரின் கோகோ தீவுகள் இருக்கும்போது எல்லைக் கண்காணிப்பு தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பத்திரிகைகளில் அன்று நடந்த வாதம் முழுக்கக் கோபுரத்தைப் பற்றியும் எத்தனை மரம் வெட்டுவார்கள் என்பதைப் பற்றியும் இருந்தது. என் கவலை வேறு. கட்டுமானம் என்றால் சரக்குப் படகு வரும். ஆள் வந்தால் மாதாமாதம் அரிசியும் காய்கறியும் டீசலும் வரும். மூட்டையோடு என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ராணுவச் சரக்கோடு ஒளிந்து வந்த பழுப்பு மரப்பாம்பு அங்கே இறங்கியது. பாம்பையே அறியாத பறவைகள். 1980களின் இறுதிக்குள் தீவின் காட்டுப் பறவைகள் அநேகமாகத் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன. குவாமுக்கே உரிய மீன்கொத்தி இனம், கடைசியாகப் பிடித்துக் காப்பகங்களில் வளர்த்த சில பறவைகளால் மட்டுமே பிழைத்தது. 2024இல்தான் அவற்றில் சில மறுபடியும் வெளியில் விடப்பட்டன, அதுவும் குவாமில் விட வழியில்லாமல் வெகுதூரத்துப் பல்மைரா பவளத்தீவில். குவாமின் பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். அதில் நார்கொண்டத்தைப் போல எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் அடங்கும்.

பொந்துக்குள் இறகுதிர்த்து அடைந்து கிடக்கும் ஒரு தாய்ப்பறவையை, மரமேறும் பாம்போ எலியோ கண்டுபிடித்துவிட்டால் அதற்குத் தப்பிக்க வழியே இல்லை. குரங்கிலிருந்தும் மரநாயிலிருந்தும் காப்பாற்ற உருவான பூச்சு, கீற்று வழியாக நுழையக்கூடிய ஒன்றை நிறுத்தாது. இந்த ஓர் எண்ணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

நார்கொண்டம் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை இருந்தது. வனத்துறை அனுமதி வாங்குவது கடினம். கடினமாகத்தான் இருக்க வேண்டும். இப்போது அந்த ஆசையை விட்டுவிட்டேன். என்னைப் போன்றவர்கள் படகு படகாகப் போய் இறங்காமல் இருப்பதும் அந்தப் பறவைக்குச் செய்கிற உதவிதான். பணி நிமித்தமாகப் போகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கிளம்பும் துறையிலேயே மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து, எலிப்பொறி வைத்து, ஆடு, கோழி, நாய், பூனை எதையும் ஏற்றாமல் அனுப்புவதைக் கண்டிப்பான வழக்கமாக்கலாம். சமையலுக்கு எரிவாயு கொடுத்து விறகு வெட்டுவதை அடியோடு நிறுத்தலாம்.

இன்னொன்றும் செய்யலாம். ஆய்வாளர்கள் சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் அங்கே இருப்பது முகாமில் உள்ளவர்கள் மட்டும்தான். எந்த அத்தி எந்த மாதம் பழுத்தது, எந்தப் பொந்தின் வாசல் பூசப்பட்டிருக்கிறது, எந்தப் பெரிய மரம் புயலில் சாய்ந்தது, முகாமில் எலி தென்பட்டதா என்பதைக் குறித்துவைக்க ஒரு நோட்டும் ஒரு பைனாகுலரும் போதும். பொறுப்பு மாறும்போது அந்த நோட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். போர்ட் பிளேரில் அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “யாராச்சும் எழுதச் சொல்லியிருந்தா எழுதியிருப்போமே தம்பி, அங்க வேற என்ன வேலை” என்றார்.